உலக கிளாசிக்கை ஆருக்கு, எப்பிடிக் குடுக்கிறது: யாழ்ப்பாணத்து வாசகருக்கு ஒரு முழு வழிகாட்டி

வாசிக்கிற ஆள் எண்டு ஊரில ஒருக்காப் பேர் எடுத்திட்டா பேந்து ஒரு கேள்வி விடாமல் வந்துகொண்டே இருக்கும், “வெளிநாட்டு இலக்கியம் நல்லதா ஒண்டு சொல்லுங்கோவன்”. கேக்கிறது தங்கச்சியின்ர சிநேகிதியா இருக்கலாம், பென்சன் எடுத்த மாமாவா இருக்கலாம், ஏ.எல் சோதினை எழுதிப்போட்டு றிசல்ற் வருமட்டும் என்ன செய்யிறதெண்டு தெரியாமல் நிக்கிற பொடியனா இருக்கலாம். உடன நாங்கள் என்ன செய்யிறம், போரும் அமைதியும், கரமசோவ் சகோதரர்கள், நூறாண்டுத் தனிமை எண்டு பெரிய தலையளை ஒரே மூச்சில அடுக்கி வாட்ஸப்பில தட்டிவிடுறம். அவையும் ஒரு கும்பிடு ஸ்டிக்கர் போடுவினம். அதோட சரி, ஒருத்தரும் ஒரு பக்கம் திறக்க மாட்டினம்.

திறக்காததுக்கு அவையைக் குறை சொல்லேலாது. ரஷ்ய இலக்கியம், லத்தீன் அமெரிக்க இலக்கியம் எண்டு நாட்டுப் பேரைச் சொல்லி நீட்டினா ஆருக்குத்தான் ஆசை வரும்? நான் கடைப்பிடிக்கிற முறை ஒண்டுதான், நாட்டைச் சொல்லிக் குடுக்கிறேல்லை, கதைக்குள்ள இருக்கிற வில்லங்கத்தைச் சொல்லிக் குடுக்கிறது. காணி விக்கிறது, கடன், கலியாணம் பேசுறது, செத்தவீடு, மிஷன் பள்ளிக்கூடம், வெளிநாட்டில இருந்து திரும்பி வாற ஆக்கள், உதுகளையெல்லாம் நோர்வேயிலயும் நைஜீரியாவிலயும் இருந்து எழுதி வைச்சிருக்கினம், எங்கட ஆக்களுக்கு உரை இல்லாமலே விளங்கும். கீழ இருக்கிற படியள் எல்லாம் அந்த ஒரு விசயத்தைச் செய்யிறதுக்குத்தான்.

படி 1: முதல் ஆளை விசாரியுங்கோ

கடைசியா முடிச்ச புத்தகம் எது எண்டு கேளுங்கோ. பிடிச்ச புத்தகம் எது எண்டு கேட்டா பொய் சொல்லுவினம், எல்லாரும் பொன்னியின் செல்வன் எண்டுவினம், முடிச்சது எது எண்டா உண்மை வரும். பத்து வருசத்துக்கு முந்தி ஒரு சின்ன நாவல் வாசிச்சனான் எண்டு சொல்லுற ஆளுக்கு ஆயிரம் பக்கத்தைக் குடுக்கிறது பாவம்.

பேந்து எந்த மொழியில சிரமமில்லாமல் வாசிப்பினம் எண்டு கேளுங்கோ. இங்கிலீஷ் தெரியும் எண்டுறதும் இங்கிலீஷில நாவல் வாசிக்கிறதும் வேற வேற. ஒபிசில நாள் முழுக்க இங்கிலீஷில கடிதம் எழுதுற ஆளுக்கும் பின்னேரம் தமிழ்ப் புத்தகம்தான் கையில நிக்கும். எப்ப வாசிப்பினம் எண்டதும் தெரியவேணும். கொழும்பு பஸ்ஸில வாசிக்கிற ஆள், பிள்ளையள் நித்திரையானாப் பிறகு அரை மணித்தியாலம் கிடைக்கிற தாய், ஆஸ்பத்திரி வாட்டில ஆளுக்குத் துணை நிக்கிறவர், மூண்டு பேருக்கும் மூண்டு அளவுப் புத்தகம்.

கடைசியா ஒண்டு, உதைத்தான் கன பேர் கேக்கிறேல்லை: இப்ப எதைப் பற்றி வாசிக்க விருப்பமில்லை? எங்கட ஊரில இந்தக் கேள்வி கட்டாயம். பிள்ளையைப் பறிகுடுத்த வீட்டில பிள்ளை சாகிற நாவலைக் கொண்டுபோய் மேசையில வைச்சிட்டு வரேலாது, அது எவ்வளவு பெரிய நோபல் எண்டாலும்.

படி 2: வில்லங்கத்தைப் புத்தகத்தோட சேக்கிறது

முக்கியமான படி உதுதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்லுறன்.

கனடாவில இருந்தோ லண்டனில இருந்தோ பரம்பரை வளவை விக்கிறதுக்கு வந்து நிக்கிற ஆக்களை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவைக்கு செக்கோவின்ர “செர்ரிப் பழத் தோட்டம்” நாடகத்தைக் குடுங்கோ. 1904ல மாஸ்கோவில மேடையேறினது, அதே வருசம் செக்கோவும் செத்துப்போனார். கதை இவ்வளவுதான்: பாரிசில இருந்து கடனோட திரும்பி வாற அம்மா, ஏலத்துக்குப் போகப்போற வீடும் தோட்டமும், தோட்டத்தைத் துண்டு துண்டாப் பிரிச்சுக் குடுத்தாக் காசு வரும் எண்டு புத்தி சொல்லுற லொபாகின் எண்ட வியாபாரி. இந்த லொபாகின்ர தகப்பனும் பாட்டனும் அதே வளவில அடிமையா இருந்த ஆக்கள், அதை அவனும் மறக்கேல்லை, மற்றவையும் மறக்கேல்லை. முதல் அங்கத்தில ஒரு இடம் வரும், அந்த அம்மாவின்ர தமையன் கயேவ் வீட்டில நிக்கிற புத்தக அலுமாரிக்கு நூறு வயசு எண்டு கண்டுபிடிச்சு அலுமாரியைப் பாத்து ஒரு பேச்சே பேசுவார், மரியாதைக்குரிய அலுமாரியே எண்டு. பகிடியான இடம். அலுமாரிக்குப் பேச்சுப் பேச நேரமிருக்கு, ஏலத்தை நிப்பாட்ட ஒரு வேலையும் செய்யிறேல்லை. வளவு உறுதியைத் தூக்கிக்கொண்டு நொத்தாரிசிட்ட ஓடினாக்கள் அந்தப் பக்கத்தில சிரிப்பினம், பேந்து சிரிப்பு நிண்டுபோகும்.

கலியாணப் பேச்சுக் காலில நிக்கிற வீட்டுக்கு ஜேன் ஒஸ்ரினின்ர “பிரைட் அன்ட் பிரெஜுடிஸ்”, 1813. படங்களால அது ஒரு காதல் கதையெண்டு எல்லாரும் நினைச்சுக்கொண்டிருக்கினம், உண்மையில அது ஒரு காணிப் பிரச்சினை. பெனற் குடும்பத்தில அஞ்சும் பெட்டையள், வீடும் நிலமும் ஆண் வாரிசுக்குத்தான் போகும் எண்டு எழுத்து இருக்கு, அதால தகப்பன் கண்ணை மூடினா ஒண்டுவிட்ட உறவான கொலின்ஸ் வந்து எல்லாத்தையும் எடுப்பார். தேசவழமை எண்ட யாழ்ப்பாணத்து வழமைச் சட்டம் தெரிஞ்ச எங்கட ஆக்களுக்கு உது அதிசயமா இருக்கும், ஒல்லாந்தர் 1707ல எழுத்தில தொகுப்பிச்ச காலத்திலயே இஞ்ச பெட்டைக்குச் சீதனமா எழுதின காணி பெட்டையின்ரதான். அங்க அது இல்லை எண்டபடியால்தான் தாய்க்காரி அப்பிடி அந்தரப்படுறா. குடுக்கேக்க எலிசபெத்தைப் பற்றிச் சொல்லாதீங்கோ, அவவின்ர சிநேகிதி ஷார்லட்டைப் பற்றிச் சொல்லுங்கோ. இருபத்தேழு வயசு, கொலின்ஸ் ஒரு அறுவை எண்டு வடிவாத் தெரியும், எலிசபெத் வேண்டாமெண்டு தள்ளின கொஞ்ச நாளிலயே அவனை ஓமெண்டு கட்டுறா, சொந்தமா ஒரு வீடு வேணும் எண்டதுக்காக. ஒஸ்ரின் அவவை ஏசவும் இல்லை, தூக்கிப் பிடிக்கவும் இல்லை. அந்த அத்தியாயத்தை வாசிச்சிட்டு எங்கட பொம்பிளையள் ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு நிண்டு கதைக்கிறது கேக்க நல்லா இருக்கும்.

கடன். வடக்கில நுண்கடன் எண்ட சொல்லை ஆருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. இப்சனின்ர “பொம்மை வீடு” 1879ல கோப்பன்ஹேகனில முதல் மேடையேறினது, அதைப் பெண் விடுதலை நாடகம் எண்டுதான் எல்லா இடமும் எழுதியிருக்கும், நான் அதைக் கடன் கதை எண்டு சொல்லித்தான் குடுக்கிறன். நோரா புருசன்ர வருத்தத்துக்கு அவருக்கே தெரியாமல் கடன் எடுக்கிறா, பிணைக்குத் தகப்பன்ர கையெழுத்து வேணும், தகப்பன் சாகக் கிடக்கிறார், அதால கையெழுத்தைத் தானே போட்டுவிடுறா. கடன் குடுத்த குரொக்ஸ்ரட் எப்பிடிப் பிடிக்கிறான் தெரியுமோ? தகப்பன் செத்தது செப்டெம்பர் 29, பத்திரத்தில கையெழுத்துக்குப் பக்கத்தில போட்டிருக்கிற திகதி ஒக்டோபர் 2. செத்தவர் மூண்டு நாள் கழிச்சுக் கையெழுத்து வைச்சிருக்கிறார்! இதை மட்டும் சொல்லிப்போட்டு நிப்பாட்டுங்கோ, மிச்சத்தை அவையே தேடி வாசிப்பினம்.

செத்தவீட்டில ஆர் அழுதது, ஆர் அழேல்லை, ஆர் ரீ குடிச்சுக்கொண்டு சிரிச்சுக் கதைச்சது எண்டு கணக்கு எடுக்கிற சனம் நாங்கள். அப்ப காம்யுவின்ர “அந்நியன்” எங்களுக்கெண்டே எழுதினதுதான். 1942ல வந்த சின்னப் புத்தகம். மெர்சோவின்ர தாய் முதியோர் இல்லத்தில செத்துப்போறா, ராத்திரி முழுக்கப் பிரேதத்துக்குப் பக்கத்தில இருக்கேக்க காவல்காரன் குடுத்த பால்க் கோப்பியைக் குடிக்கிறான், சிகரெட் பத்துறான், கண்ணீர் வரேல்லை. அடுத்த நாள் கடலில குளிச்சு, ஒரு பெட்டையோட பகிடிப் படம் பாக்கப் போறான். பிறகு அவன் ஒரு கொலை செய்து கோட்டில நிக்கேக்க விசாரிக்கிறது கொலையை எண்டதை விட அந்தக் கோப்பியை. எக்சிஸ்டென்சியலிசம் எண்ட சொல்லை வாயில எடுக்கவே வேண்டாம். இன்னொண்டு, செத்த அந்த அரபுக்காரனுக்குக் கதையில ஒரு பேரே இல்லை. அதை ஆராவது கவனிச்சு உங்களிட்டக் கேட்டா நல்ல வாசகர் ஒராள் கிடைச்சிட்டார் எண்டு அர்த்தம், அவருக்கு அல்ஜீரியாக்காரர் கமெல் தாவூத் 2013ல எழுதின பதில் நாவலைச் சொல்லுங்கோ, அது செத்தவன்ர தம்பி சொல்லுற கதை.

வெளிநாட்டில இருந்து மாசம் மாசம் காசு அனுப்புற ஆளுக்குக் கஃப்காவின்ர “உருமாற்றம்”, 1915. மனிசன் பூச்சியாகிறது எண்டு சொன்னா பேய்க்கதை எண்டு நினைப்பினம். தாய் தகப்பன்ர கடனைக் கட்ட ஓடியோடி உழைச்ச மகன் ஒரு நாள் எழும்பேலாமல் கிடக்கிறான், அவனுக்கு வாற முதல் யோசினை ரெயின் தவறிட்டுது எண்டது, கொஞ்ச நேரத்தில கொம்பனியில இருந்து ஆள் வீட்டு வாசலில வந்து நிக்குது, பேந்து உழைப்பு இல்லாத மகனோட வீடு எப்பிடி நடக்குது எண்டுறதுதான் கதை, இப்பிடிச் சொல்லிப் பாருங்கோ.

ஆச்சிபியின்ர “சிதைவுகள்”, 1958, மிஷன் பள்ளிக்கூடத்தில படிச்ச எல்லாருக்கும். அமெரிக்க மிஷன் 1816ல இஞ்ச வந்தது, 1823ல வட்டுக்கோட்டையில செமினறி துவங்கினது, உதெல்லாம் நாங்கள் பெருமையாத்தான் கதைக்கிறது, அதில நியாயமும் இருக்கு. நைஜீரியாவில அதே மாதிரி ஆக்கள் வந்து இறங்கேக்க ஊர்ப் பெரியாக்கள் என்ன செய்யினம் எண்டா, கோயில் கட்ட இடம் கேட்டவைக்குப் பேய்க்காட்டைக் குடுக்கினம், நாலு நாளில செத்துப்போவினம் எண்ட நம்பிக்கையில. அவை சாகேல்லை. அங்கதான் எல்லாம் ஆடத் துவங்குது. மதம் மாறினாக்கள், மாறாதாக்கள், ரெண்டு பக்கமும் உள்ள குடும்பத்தில குடுத்தா சாப்பாட்டு மேசையில நல்ல சண்டை வரும். தமிழில செய்தது என்.கே. மகாலிங்கம், எங்கட ஆள்தான்.

ஹெமிங்வேயின்ர “கடலும் கிழவனும்” சின்னதெண்டு எல்லாருக்கும் தூக்கிக் குடுக்கினம். எனக்கு அதில அவ்வளவு ஒட்டில்லை. ஆனா குருநகர், பாசையூர் பக்கம் தொழில் தெரிஞ்ச ஆளிட்டக் குடுத்துப் பாருங்கோ, 84 நாள் மீன் படாத கிழவன்ர கதையை விட்டிட்டு நூல் பிடிச்ச விதத்தில ஒரு மணித்தியாலம் பிழை கண்டுபிடிப்பினம். அதைக் கேக்கிறதுக்காகவே குடுக்கலாம்.

படி 3: சின்னனில துவங்குங்கோ

நாவலுக்கு முதல் ஒரு சிறுகதை. ஒரு இருப்பில முடிஞ்சாத்தான் அடுத்ததைக் கேப்பினம். செக்கோவ் இதுக்குத் தோதான ஆள், அதுவும் எங்கட நாட்டில கால் வைச்ச ஆள். 1890ல சகாலின் தீவில கைதியளைப் பாத்திட்டுக் கப்பலில திரும்பேக்க நவம்பர் மாசம் கொழும்பில இறங்கினவர், இலங்கையைச் சொர்க்கம் எண்டு கடிதத்தில எழுதியிருக்கிறார். அந்தப் பயணத்தில வந்ததுதான் “குசேவ்”, கிழக்கில சேவை முடிஞ்சு வீட்டுக்குப் போற வருத்தக்காரப் பட்டாளத்தான்ர கப்பல் கதை. நல்ல கதைதான், ஆனா முதல் கதையாக் குடுக்காதீங்கோ, பாரம் கூட.

முதல் கதை “வான்கா”. 1886. ஒம்பது வயசுப் பொடியன், மாஸ்கோவில சப்பாத்துத் தைக்கிறவன்ர வீட்டில வேலைக்கு விட்டிருக்கினம். நத்தார் இரவு, எசமானாக்கள் கோயிலுக்குப் போனாப் பிறகு கசங்கின ஒரு தாளை வாங்கில விரிச்சு, முழங்காலில நிண்டுகொண்டு தாத்தாவுக்குக் கடிதம் எழுதுறான். வீட்டுக்காரி மீன் துப்பரவாக்கச் சொன்னவவாம், அவன் வாலில இருந்து துவங்கினதுக்கு அந்த மீனைப் பறிச்சு அதின்ர தலையாலயே மூஞ்சையில குத்தினவவாம். எழுதி முடிச்சு மேல விலாசம் போடுறான், ஊரில இருக்கிற தாத்தாவுக்கு எண்டு. கொஞ்சம் யோசிச்சுத் தலையைச் சொறிஞ்சு தாத்தாவின்ர பேரையும் சேக்கிறான். அவ்வளவுதான் விலாசம். முத்திரையும் இல்லை. கொண்டுபோய்த் தபால் பெட்டிக்குள்ள போடுறான். ஏஜென்சிக்குக் காசு கட்டிப் பிள்ளையை அனுப்பிப்போட்டு ஒரு சேதியும் இல்லாமல் இருந்த தலைமுறைக்கு இதுக்கு மேல ஒரு முன்னுரை தேவையோ? அஞ்சாறு பக்கம்தான், ரீ ஆற முதல் முடிஞ்சிடும்.

சிறுகதை பிடிச்சுதெண்டா அடுத்த அளவு நூறு பக்கப் புத்தகம்: தஸ்தயேவ்ஸ்கியின்ர “வெண்ணிற இரவுகள்”, எய்த்மாத்தவின்ர “ஜமீலா”, ஓர்வெலின்ர “விலங்குப் பண்ணை”. ஓ.எல் படிக்கிற பிள்ளையளுக்குக் “குட்டி இளவரசன்”. பெரிய புத்தகம் எல்லாம் இதுக்குப் பிறகுதான், அதுவும் அவையா வாய் திறந்து கேட்டா.

படி 4: எந்தப் பதிப்பு, ஆற்ற மொழிபெயர்ப்பு

புத்தகப் பேரை மட்டும் சொல்லிவிட்டா ஆள் கடைக்குப் போய் ஏதோ ஒண்டை வாங்கிக்கொண்டு வரும், அது எழுபது பக்கச் சுருக்கமா இருக்கும், பேந்து இதோ உங்கட உலக இலக்கியம் எண்டு நக்கல் அடிக்கும். அதால மொழிபெயர்ப்பாளற்ற பேரையும் சேத்துத்தான் சொல்லவேணும். குற்றமும் தண்டனையும் எண்டா எம்.ஏ. சுசீலா, அன்னா கரேனினா எண்டா நா. தர்மராஜன், போரும் அமைதியும் எண்டா டி.எஸ். சொக்கலிங்கம், வெண்ணிற இரவுகள் எண்டா ரா. கிருஷ்ணையா, கோர்க்கியின்ர தாய் எண்டா தொ.மு.சி. ரகுநாதன். அந்நியன் வெ. ஸ்ரீராம் நேரடியாப் பிரெஞ்சில இருந்து செய்தது, கஃப்காவின்ர விசாரணை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனில இருந்து செய்தது, ரெண்டும் க்ரியா போட்டது. விலங்குப் பண்ணை க.நா.சு.

சுருக்கமோ முழுசோ எண்டு பாக்க லேசான வழி பக்கக் கணக்கு. போரும் அமைதியும் இங்கிலீஷிலயே ஆயிரத்து இருநூறு பக்கத்துக்கு மேல, தமிழில முந்நூறு பக்கத்தில ஒண்டு கிடைச்சா மிச்சம் எங்க போச்செண்டு யோசியுங்கோ. சுருக்கம் எண்டு அட்டையில போடாமலே விக்கினம், உள்பக்கத்தையும் முன்னுரையையும் புரட்டிப் பாத்திட்டு வாங்குங்கோ. முதல் பக்கத்தைக் கடையில நிண்டே வாய்க்குள்ள வாசிச்சுப் பாக்கிறதும் நல்லது, ரெண்டு தரம் நாக்குத் தடக்கினா வைச்சிட்டு வாங்கோ.

பழைய சோவியத் பதிப்புகள், முன்னேற்றப் பதிப்பகம், ராதுகா போட்ட கெட்டி அட்டைப் புத்தகங்கள், அதுகள் எங்கட பக்கத்து வீடுகளில இப்பவும் கிடக்கு, 95 இடப்பெயர்வில போனது போக மிச்சம். வாங்க முதல் உறவுக்குள்ள ஒருக்கா விசாரியுங்கோ, தோழர் எண்டு பேர் எடுத்த ஒரு சித்தப்பாவாவது எல்லாக் குடும்பத்திலயும் இருப்பார். பொது நூலகத்திலயும் பாருங்கோ, பூபாலசிங்கம் மாதிரிக் கடையளில இந்தியப் பதிப்புகள் வரும், விலை கையைச் சுடும், ரெண்டு மூண்டு பேர் சேந்து வாங்கினாத்தான் கட்டுப்படியாகும். இங்கிலீஷ் ஓடும் எண்டா செக்கோவ், ஒஸ்ரின், இப்சன் எல்லாம் புரொஜெக்ற் குட்டன்பேர்க்கில இலவசமா இறக்கலாம், போனிலயே வாசிக்கலாம். எங்கட பழைய ஆக்கள் செய்த மொழிபெயர்ப்பைத் தேடினா “நூலகம்” எண்ட இணையத்தளத்தில துழாவுங்கோ. துர்கனேவின்ர “முதற் காதல்” இலங்கையர்கோன் தமிழாக்கினது, எத்தினை பேருக்குத் தெரியும்?

படி 5: குடுக்கேக்க என்ன சொல்லுறது

ஒரு தரத்தில ஒரு புத்தகம். ரெண்டு குடுத்தா ரெண்டும் தூசி பிடிக்கும். முடிவைச் சொல்லாதீங்கோ, ஆனா எங்க கஷ்டம் வரும் எண்டதைக் கட்டாயம் சொல்லுங்கோ, ஏனெண்டா கிளாசிக்கைப் பாதியில விடுற ஆக்கள் தங்களுக்கு மூளை காணாது எண்டு நினைச்சுத்தான் விடுகினம். ரஷ்ய நாவலில பேர்க் குழப்பம் வரும். ரஸ்கோல்னிகவ், ரொடியன் ரோமனோவிச், ரோதியா மூண்டும் ஒரே ஆள்தான். வீட்டில தம்பி, பள்ளிக்கூடத்தில வேற பேர், அடையாள அட்டையில தகப்பன் பேரும் சேந்த இன்னொண்டு எண்டு நாங்களும்தானே திரியிறம், அதே கணக்குத்தான் எண்டு சொல்லிப்போட்டு ஒரு துண்டில பேரெல்லாம் எழுதிப் புத்தகத்துக்குள்ள வைச்சுக் குடுங்கோ. நூறாண்டுத் தனிமைக்கும் அப்பிடித்தான், அதில ஒரே பேரைத் தலைமுறை தலைமுறையா வைச்சுக்கொண்டே போவினம், குடும்ப மரத்தைப் பாக்காமல் வாசிக்கிறவை வீரர்தான்.

எழுத்தாளற்ற நடத்தையில கறுப்பு இருந்தா மறைக்காமல் சொல்லிட்டுக் குடுங்கோ. ஹம்சுன்ர “நிலவளம்” வன்னியில காடு வெட்டிக் குடியேறினாக்கள் வாசிக்கவேண்டிய நாவல், க.நா.சு. தமிழில குடுத்தது, 1920 நோபல் ஹம்சுனுக்குத்தான். அதே மனிசன் நாசியளின்ர பக்கம் நிண்டு தன்ர நோபல் மெடலைக் கோயபல்சுக்குக் குடுத்தவர். பாப்லோ நெருடா 1929ல கொழும்பில கொன்சலா இருந்த காலத்தில, தன்ர வீட்டில கக்கூஸ் துப்பரவாக்க வந்த தமிழ்ப் பொம்பிளையை என்ன செய்தவர் எண்டு தன்ர நினைவுக் குறிப்பில தானே எழுதியிருக்கிறார், அது வன்புணர்வு, வேற பேர் இல்லை. கவிதையை வாசிக்கிறதோ விடுறதோ வாசிக்கிறாக்களின்ர முடிவு. ஆனா காதல் கவிஞர் எண்டு மட்டும் சொல்லி ஒரு தமிழ்ப் பிள்ளையின்ர கையில குடுக்க எனக்கு மனம் வரேல்லை.

படி 6: போர் நாவல்கள்

உதுக்குத் தனியா ஒரு படி வேணும். வெளியூர் ஆக்கள் எங்களுக்குப் போர் இலக்கியம்தான் பிடிக்கும் எண்டு நினைச்சுக்கொண்டு வந்து குடுப்பினம். பிடிக்கலாம், பிடிக்காமலும் போகலாம், கேக்காமல் குடுக்கக் கூடாது. கேட்டு, ஓமெண்டாக்களுக்கு நான் சொல்லுறது ரெமார்க்கின்ர “ஆல் குவயற் ஒன் த வெஸ்டேர்ன் ஃபிரன்ற்”, ஜெர்மனியில 1929ல புத்தகமா வந்தது. அதில ஒரு சோடி சப்பாத்து வரும். ஆஸ்பத்திரியில காலை இழந்து சாகக் கிடக்கிற கெம்மெரிக்கின்ர நல்ல தோல் பூட்ஸ், அது முல்லருக்குப் போகும், முல்லரிட்ட இருந்து கதை சொல்லுற பவுலுக்கு வரும். சப்பாத்து மட்டும் தேயாமல் நடந்துகொண்டிருக்கு. லீவில வீட்டுக்கு வந்த பவுல் ஊர்ப் பெரியாக்கள் எந்த இடத்தைப் பிடிக்கவேணும் எண்டு அவனுக்கே வகுப்பு எடுக்கிறதைக் கேட்டுக்கொண்டு இருக்கிற பகுதியும் இருக்கு, அதை வாசிச்சா எங்கட சந்திக் கடையளில நடந்த கதையள் ஞாபகம் வரும்.

போர் வேண்டாம் எண்டு சொல்லுறாக்களை வற்புறுத்தாதீங்கோ. அவைக்கு “பதேர் பாஞ்சாலி” குடுங்கோ, ஆர். சண்முகசுந்தரம் தமிழாக்கினது. துர்க்காவுக்கு வாற முடிவை மட்டும் முதலே சாடையாச் சொல்லி வையுங்கோ, முடிவு சொல்லக்கூடாதெண்ட விதிக்கு இந்த ஒரு இடத்தில விலக்கு.

படி 7: பக்கத்து வீட்டை மறக்காதீங்கோ

ரஷ்யா வரைக்கும் போற நாங்கள் காலிக்குப் போறேல்லை. மார்ட்டின் விக்கிரமசிங்கவின்ர “கம்பெரலிய”, 1944, எம்.எம். உவைஸ் “கிராமப் பிறழ்வு” எண்டு தமிழில தந்தவர். தெற்கில ஒரு வளவ்வக் குடும்பம், பேர் இருக்கு, காசு கரையுது, மகள் நந்தாவைப் பியல் எண்ட படிச்ச பொடியன் விரும்புறான், தராதரம் காணாதெண்டு மறுக்கினம், பேந்து அவன் கொழும்பில உழைச்சு மேல வாறான். ஊர்ப் பேரை மாத்தி வைச்சா எங்கட பக்கத்துக் கதை எண்டே ஆரும் நம்புவினம். மலையாளத்தில தகழி, சுந்தர ராமசாமி தமிழாக்கின செம்மீனும் தோட்டியின் மகனும், வங்காளத்தில தாராசங்கரின்ர ஆரோக்கிய நிகேதனம், இது நாட்டு வைத்தியம் செய்த பரம்பரையில ஆராவது இருந்தா அவைக்கெண்டே வைச்சிருங்கோ. லெனார்ட் வூல்ஃப் 1905ல யாழ்ப்பாணக் கச்சேரியில வேலை துவங்கின ஆள், பிறகு அம்பாந்தோட்டையில இருந்த அனுபவத்தில எழுதினது “த விலேஜ் இன் த ஜங்கிள்”, 1913. வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தன் ஏழைச் சிங்களக் கமக்காரன்ர பக்கம் இருந்து எழுதினது, இங்கிலீஷ் ஓடுற ஆக்கள் தவறவிடக் கூடாது.

படி 8: குடுத்தாப் பிறகு

முடிச்சிட்டீங்களோ எண்டு கேட்டுக் கரைச்சல் குடுக்காதீங்கோ, ரியூசன் ரீச்சர் ஹோம்வேர்க் கேக்கிறது போல இருக்கும், பேந்து உங்களைக் கண்டா ஒழுங்கை மாறிப் போவினம். எதுவரைக்கும் வந்திருக்கிறியள், லொபாகினைப் பற்றி என்ன நினைக்கிறியள் எண்டு ஒரு ஆளைப் பற்றிக் கேளுங்கோ, வாசிச்சிருந்தா கதை தானா வரும். வாசிக்கேல்லை எண்டா சிரிச்சிட்டு மாம்பழ விலையைக் கதையுங்கோ. ஐம்பது பக்கம் தாண்டியும் ஒட்டேல்லை எண்டா விடச் சொல்லுங்கோ, விட்ட இடத்தை மட்டும் கேட்டு வையுங்கோ, ஏனெண்டா அடுத்தது என்ன குடுக்கிறதெண்டு அதில இருந்துதான் தெரியும். பேர்க் குழப்பத்தில விட்டவருக்குப் பேர் குறைஞ்ச ஒண்டு, துக்கம் தாங்கேலாமல் விட்டவருக்கு ஒஸ்ரின், ஒண்டும் நடக்கேல்லை எண்டு விட்டவருக்கு ஹியூகோவின்ர “ஏழை படும் பாடு”, சுத்தானந்த பாரதியார் செய்தது, பழைய படம் பாத்த ஆக்களுக்கு உள்ளுக்குப் போறது இன்னும் லேசு.

மூண்டு நாலு பேர் சேந்து ஒரே புத்தகத்தை வாசிக்கிறது இன்னும் நல்லம். கிழமைக்கு அம்பது பக்கம், ஞாயிறு பின்னேரம் ஆற்றையும் வீட்டு விறாந்தை, வெளிநாட்டில இருக்கிற மச்சான் வீடியோ கோலில. நாடகம் எண்டா வாசிக்கிறதை விடப் பங்கு பிரிச்சுச் சத்தமா வாசியுங்கோ, பொம்மை வீடு இதுக்கு அந்த மாதிரி. எழுபதுகளின்ர கடைசியில பாலேந்திராவின்ர அவைக்காற்றுக் கழகம் லோர்காவையும் டென்னஸி வில்லியம்ஸையும் தமிழில மேடையேத்தினது, “ஒரு பாலை வீடு”, “கண்ணாடி வார்ப்புகள்” எண்டு. அதைப் பாத்த ஆக்கள் இப்பவும் இருக்கினம், அப்பிடி ஒராள் ஊரில இருந்தா கூட்டிக்கொண்டு வந்து கதிரையில இருத்துங்கோ, வாசிப்பு முடியவே அவர் துவங்கிடுவார்.

இரவல் குடுக்கிற புத்தகத்துக்கு ஒரு கொப்பி வையுங்கோ, பேர், திகதி, போன் நம்பர். கெட்டி அட்டை ராதுகாப் புத்தகத்தை மட்டும் ஒருத்தருக்கும் வீட்டுக்குக் குடுத்துவிடாதீங்கோ, உங்கட விறாந்தையில இருந்து வாசிச்சிட்டுப் போகட்டும். ரீ போட்டுக் குடுக்கலாம்.